வளன்: சொல்லிலாத் தலைவன்

காவிரி தமிழகத்துட் புகுந்து அருவியாக வீழும் ஒகேனக்கல், தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தைச் சார்ந்தது. பண்டு அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாடு இதுவே. இந்நாட்டிலும் இதனை அடுத்த செங்கம் பகுதியிலும் பல்லவ வேந்தர் காலந்தொட்டு எழுந்த நடுகற்கள் மிகப் பல. அவற்றுட் பலவற்றின் வட்டெழுத்துப் பொறிப்புக்களை நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். வேந்தன் பெயர் முதற்கண் வரும்; ஆயின் அஃது யாண்டு குறித்தற்கே வரும். கல் எடுக்கப்பெற்றது, ஆநிரை மீட்டுப் பட்ட ஒரு மறவனுக்கு; பெரும்பாலும் சிறுதலைவன் ஒருவனிடத்துப் பணி செய்தவனுக்கு. எடுத்தனூர்க் கல்லோ மகேந்திரவர்மன் காலத்தில் வீரனொடு நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் காத்துத் தந்துள்ளது. மெய்க்கீர்த்தியில் வேந்தன் பொருளாவான். நடுகல்லில் வேந்தன் காலமாக நிற்க, சிறியோன் பொருளாவான்.

இவ்வேறுபாட்டை உளங்கொண்டு விவிலியத்தை அணுகுவார்க்கு, ஆண்டும் இந்நெறி உண்டென்பது புலனாகும். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் எபிரெய ஆண்மகவுகளைக் கொல்லுமாறு எகிப்திய மன்னன் ஆணையிடுகின்றான். அவன் பார்வோன் என்னும் பட்டத்தால் மட்டுமே சுட்டப்படுகின்றான், இயற்பெயர் இல்லை. அவ்வாணைக்கு இணங்காது குழந்தைகளை உயிரோடு காத்த மருத்துவச்சியர் இருவரோ சிப்பிராள், பூவாள் எனப் பெயர் பெறுகின்றனர். லூக்கா நற்செய்தியில் அகுஸ்து இராயனின் குடிமதிப்பு ஆணை காலக்குறிப்பாகவே நிற்கின்றது. பெத்லகேமுக்குச் செல்லும் தச்சனும் அவனுக்கு உரியவளும் வரலாற்றின் நடுவிடத்தைப் பெறுகின்றனர். மூலநூல் இவ்வாறு உயர்த்தியோரைப் பின்வந்த படிப்போர் பலகாலும் ஒதுக்கினர். சிலரைத் திரித்தும் உரைத்தனர். அங்ஙனம் திரிக்கப்பெற்றோருள் தலையாயவன் யோசேப்பு. அவனை மீள எண்ணிப் பார்த்த பெருமுயற்சிகளுள் ஒன்று தமிழில் நிகழ்ந்தது. அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

நற்செய்திகள் நான்கினுள்ளும் யோசேப்பின் வாய்ச்சொல்லாக ஒன்றேனும் இல்லை. மத்தேயு அவனை நீதிமான் என்கின்றார். அவன் கண்ட கனவுகளைக் கூறுகின்றார். கனவு கண்டபின் எழுந்து செய்த செயல்களைக் கூறுகின்றார். மரியாளை ஏற்றுக்கொண்டதும், இரவோடிரவாகத் தாயையும் மகவையும் எகிப்துக்குக் கொண்டேகியதும், மீட்டுக் கொணர்ந்ததும் அவன் செயல்கள். இச்சொல்லின்மை அவனுக்குத் தீங்காய் முடிந்தது. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த யாக்கோபின் முதனற்செய்தி என்னும் புறநூல் அவனை மக்களைப் பெற்ற முதியோனாகக் காட்டிற்று. இடைக்கால ஐரோப்பிய நாடகங்கள் சில, முதுமையும் ஐயமும் உடைய நகைக்குரியோனாக அவனை மேடையேற்றின. 1416ஆம் ஆண்டில் கான்ஸ்டன்ஸ் பேரவையின்கண் உரையாற்றிய பிரெஞ்சு அறிஞர் ழான் கெர்சோன் இக்கருத்தை மறுத்தார்; தாயையும் சேயையும் காத்துச் செல்லும் வலிமை தளர்ந்த முதியோனுக்கு ஒல்லாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஒகேனக்கல்லில் வீழ்ந்த காவிரி கீழ்நோக்கி ஓடிப் பிரிந்த கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது ஏலாக்குறிச்சி. அவ்வூரோடு பெரிதும் தொடர்புடையவர், இத்தாலிய நாட்டில் 1680ஆம் ஆண்டில் பிறந்து தமிழகம் போந்த வீரமாமுனிவர். அவர் 1726ஆம் ஆண்டில் முடித்ததாகக் கூறப்பெறும் தேம்பாவணி மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாடலும் உடையது. அதன் தலைவன் இயேசு பெருமான் அல்லன், யோசேப்பே. ஆசிரியர் அவனுக்கு வளன் எனத் தமிழ்ப்பெயர் அமைத்தார். யோசேப்பு என்னும் எபிரெயப் பெயர் மேன்மேலும் கூட்டுதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது என்பதனை ஆதியாகமத்தில் இராகேல் தன் மகனுக்குப் பெயரிடும் இடத்தாற் காணலாம். வளம் பெருகுதலைச் சுட்டும் வளன் என்பது, ஆகவே, ஒலிபெயர்ப்பு அன்று, பொருள்பெயர்ப்பு.

தேம்பாவணியைக் கம்பர் நெறியில் இயன்ற வருணனைக் களஞ்சியம் என்ற அளவில் நிறுத்துவாரும், அயலவர் ஒருவரின் மொழித்திறத்திற்குச் சான்று என்ற அளவில் போற்றுவாரும் உளர். அவை பொய்யல்ல, ஆயின் போதா. அந்நூலின் தனிச்சிறப்புத் தலைவனைத் தேர்ந்த தேர்விலேயே உள்ளது என்பது எம் கருத்து. தன்னிகரில்லாத் தலைவனைப் பெருங்காப்பியத்திற்கு உரியவனாகத் தண்டியலங்காரம் விதிக்கின்றது. வேந்தர்க்கே உரியதெனப் பலரும் கொண்ட அவ்விடத்தில் வணிகக் குடியினரை வைத்துக் காட்டியது சிலப்பதிகாரம். அவ்வழி திறந்த மொழியாதலின், தச்சன் ஒருவனைத் தலைவனாக்குதல் தமிழிற் புதுமையாயினும் முறைகேடு ஆகவில்லை.

இத்தேர்வின் உரத்தை ஐயந்தோற்று படலமும் ஐயநீங்கு படலமும் காட்டும். மரியாளின் கருவுற்ற நிலையைக் கண்ட யோசேப்பின் கலக்கத்தை மத்தேயு சில வரிகளிற் கூறிச் செல்கின்றார். முனிவரோ அதற்கு இரு படலங்களை வகுத்தார். மோசேயின் சட்டப்படி இத்தகைய குற்றச்சாட்டு மெய்ப்படின் பெண் கல்லெறிந்து கொல்லப்படுதலும் கூடும். யோசேப்பு அவளை வெளிப்படையாக இழிவுபடுத்த விரும்பாது, மறைவாக விலக்கிவிடவே எண்ணினான். அவன் வாய் திறந்து ஊரறியக் கூறியிருப்பின் விளைவு யாதாயிருக்கும் என்பது வெளிப்படை. ஈண்டு மதுரையை நினைத்தல் தகும். பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராயாது கூறிய ஒரு சொல் கோவலன் உயிரை உண்டது. பின்னர் அவன் உயிரையும் உண்டது. யோசேப்பு கூறாது அடக்கிய சொல் ஈருயிரைக் காத்தது. எனவே, அவன் பேசாமை ஆற்றலின்மையும் அன்று, நகைக்குரியதும் அன்று, ஐயத்தின் நடுவிலும் பிறர் உயிர்க்கு அஞ்சிய அறம் அது. இவ்விடத்தில் காப்பியம் நின்று விரித்தமை, அவ்வறத்தின் நிறையை அது உணர்ந்தமைக்குச் சான்றாகும். ஈரறம் பொருத்து படலம் என்னும் பெயரும், இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருவனிடத்தே இணைத்துக் காணும் நோக்கத்தைப் புலப்படுத்துகின்றது.

இதற்கு ஒரு தடை எழலாம். சொல்லிலாதவனுக்கு ஆயிரக்கணக்கான பாடல் சூட்டுதலும், தச்சனை முடிசூட்டு படலத்தில் நிறைவுறும் காப்பியத்திற்குத் தலைவனாக்குதலும் அவனை அவனாக விடாது மாற்றுதல் ஆகாவோ என்பது அது. இத்தடை வலியுடையதே. சிறியோரைப் பெரியோராக்கியே போற்ற இயலும் எனின், சிறுமையில் விளங்கிய அறம் மறைந்துபோம். நடுகல் இப்பிழையைச் செய்வதில்லை. மறவனை வில்லொடும் வாளொடும் அவன் நின்ற நிலையிலேயே காட்டும். தேம்பாவணியை அதன் முடிசூட்டிலிருந்து பின்னோக்கிப் படித்தலினும், ஐயந்தோற்று படலத்திலிருந்து முன்னோக்கிப் படித்தலே தக்கது என யாம் கருதுவதற்குக் காரணம் இதுவே. அவ்வாறு படிப்பின், முடி குலத்திற்கு உரியதாகாது, காத்த செயலுக்கு உரியதாகும்.

கால அடைவும் இம்முயற்சியின் அருமையைக் காட்டும். உரோமைத் திருச்சபை யோசேப்பை அனைத்துலகத் திருச்சபையின் காவலராக அறிவித்தது 1870ஆம் ஆண்டில். தேம்பாவணிக்கு 144 ஆண்டுகள் பிற்பட்டு. தொழிலாளர் யோசேப்பு என்னும் விழாவை மே முதல் நாளில் ஏற்படுத்தியது 1955ஆம் ஆண்டில். 1870ஆம் ஆண்டு அறிவிப்பின் 150ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2020 டிசம்பர் முதல் ஓராண்டு அவர்க்குரியதாகக் கொண்டாடப்பெற்றது.

யோசேப்பைப் போன்றே மீளாய்வுக்கு உரியார் பிறரும் உளர். சென்னைப் பரங்கிமலையோடும் மயிலாப்பூரோடும் மரபு இணைக்கும் தோமா, ஐயுற்றவர் என்னும் ஒரு சொல்லாலேயே அறியப்படுகின்றார். யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில், ஆசிரியரோடு சென்று தாமும் இறப்போம் எனத் தோழரை அழைத்தவர் அவரே என்பதனை நினைவார் சிலரே. தமிழ்க் கிறித்தவ இலக்கியங்களை ஆராயப் புகும் மாணவர், காப்பியத் தலைவர்க்கு அமைந்த அணிநலங்களை எண்ணுவதோடு அமையாது, யாருடைய செயல் பேசப்பட்டது, யாருடையது ஒரு சொல்லில் அடக்கப்பட்டது என்பதனையும் நூல்தோறும் ஒப்பிட்டுக் காண்பாராக. தகடூர் நாட்டுக் கற்கள் அவ்வாய்வுக்கு நல்லதோர் அளவுகோலாகும்.