மூட்டு நோய்ச் சொற்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நம் வட்டம் தொடங்கிய நாள்முதல் இப்பத்தாண்டுகளாக, ஒரு சொல் ஏன் ஓரிடத்தில் நின்றது, அதற்கு மாற்றாக வேறொன்று நிற்குமா என்னும் கேள்வியைக் கவிதைகளை முன்வைத்தே கேட்டு வந்திருக்கிறோம். அதே கேள்வியை மருத்துவச் சீட்டில் எழுதப்பெறும் சொற்களை முன்வைத்துக் கேட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். கவிதையில் ஒரு சொல் பொருந்தாது போனால் வரி கெடும். நோயின் பெயர் பொருந்தாது போனால், அதைக் கேட்டவர் அஞ்சிச் சிகிச்சையையே தள்ளிப்போடக் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்குக் கைவிரல் கணுக்கள் வீங்கின. விடியற்காலையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் விரல்களை மடக்க இயலவில்லை. மருத்துவர் இரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து வரச் சொன்னார். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்று நான்கு பெயர்கள் அச்சீட்டில் இருந்தன. உறவினர் ஒருவர், "முடக்கு வாதமாக இருக்குமோ?" என்றார். அன்றுமுதல் வீக்கத்தைவிட அச்சொல்லே அவருக்குப் பெரிய நோவாயிற்று. அவருக்குப் பொருள் சொல்வதற்காகத் தேடியவையே பின்வருவன.

அழலும் அழற்சியும்

மருத்துவர் முதலில் ஆராய்வது மூட்டில் இருப்பது தேய்மானமா, அழற்சியா என்பதையே. அழற்சியின் அடையாளங்களாகச் செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என நான்கினைக் கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமானியரான செல்சஸ் தொகுத்துரைத்தார். இன்றும் மருத்துவ மாணவர் முதலில் கற்பது இந்நான்கினையே. அதற்குரிய இலத்தீன் சொல் 'தீ மூட்டுதல்' என்னும் பொருளில் பிறந்தது. தமிழில் நாம் வழங்கும் 'அழற்சி'யும் அழல் என்னும் அடியிலிருந்தே வருகின்றது. சித்த மருத்துவத்தில் பித்தத்திற்கு அழல் என்றே பெயர் உண்டு. தொட்டால் சுடும் மூட்டினை இரு மொழியினரும் நெருப்பாகவே கண்டனர் எனலாம்.

நீரும் காற்றும்

நோயின் காரணத்தைச் சொல்ல வந்தபோது மொழிகள் பிரிந்தன. கிரேக்கர், தலையிலிருந்து சளி போன்றதொரு நீர் ஒழுகி இறங்கி மூட்டுகளில் தங்குவதாகக் கருதினர். 'ஒழுக்கு' என்று பொருள்படும் அவர்தம் 'ரூமா' என்ற சொல்லிலிருந்தே 'ரூமாட்டிசம்' பிறந்தது. 'கௌட்' என்னும் நோய்ப்பெயரும் துளி என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தமிழ் மருத்துவரோ வளி, அழல், ஐயம் என்னும் மூன்றனுள் வளியையே மூட்டு நோய்க்குத் தலைமைக் காரணமாக்கினர். கீல்வாதம் என்ற சொல்லில் கீல் என்பது மூட்டு. கதவின் கீலும் அதுவே. வாதம் என்பது காற்று. கிரேக்கர் ஐயத்தைக் குற்றஞ்சாட்ட, நாம் வளியைக் குற்றஞ்சாட்டினோம். ஐயம் என்னும் சொல்லுக்குச் சந்தேகம் என்ற பொருளும் உண்டென்பது நோயறிதலுக்காகக் காத்திருப்போர்க்கு நன்கு விளங்கும்.

பாரிசும் இலண்டனும்

பிரெஞ்சு மருத்துவர் கியோம் தெ பையூ 1616இல் காலமானார். அவர் எழுதிய நூல் 1642இல் வெளிவந்தபோதுதான், ரூமாட்டிசம் என்ற சொல் மூட்டுகளைப் பற்றும் உடல்தழுவிய நோய்க்கெனத் தனித்து நிற்கத் தொடங்கிற்று. 1800ஆம் ஆண்டில், பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய லாந்த்ரே-பொவே என்னும் இளைஞர், அங்கிருந்த ஏழைப் பெண்களின் மூட்டு நோயைத் தம் ஆய்வேட்டில் விவரித்தார். கௌட் என்பது செல்வர்க்கும் ஆடவர்க்கும் உரிய நோயென எண்ணப்பட்ட காலம் அது. இது அதனின் வேறுபடுவதை அவர் கண்டார். ஆயினும் தனிப்பெயர் காணாமல், வலுக்குன்றிய ஒருவகைக் கௌட் என்றே குறித்தார்.

இலண்டனில் ஆல்ஃபிரட் பேரிங் கேரட், கௌட் நோயாளரின் இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்திருப்பதை 1848இல் காட்டினார். ஏனைய மூட்டு நோயாளரிடம் அம்மிகுதி காணப்படவில்லை. எனவே 1859இல் அவர் தம் நூலில் 'ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்' என்னும் புதிய பெயரை முன்மொழிந்தார். 'ஆய்டு' என்ற ஈற்றுக்குப் 'போன்ற' என்பதே பொருள். அது கௌட் அன்று, ரூமாட்டிசமும் அன்று, ஆனால் பின்னதைப் போன்றது என்பதே அப்பெயரின் சாரம். உவம உருபு ஒன்றே நோயின் பெயராகி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்துவிட்டது. மருத்துவர் அறிந்ததை மட்டும் சொல்லி, அறியாததை அறிந்ததாகக் காட்டாத பெயர் அது என்பதால் அதனை நேர்மையான பெயர் என்பேன்.

சீட்டிலிருந்த நான்கு பெயர்கள்

இரத்தத்தின் செவ்வணுக்கள் குழாயில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்குகின்றன என்று அளப்பது ஈ.எஸ்.ஆர். போலந்து மருத்துவர் பியர்னாட்ஸ்கி 1897இல் இதனை எடுத்துரைத்தார். சுவீடனின் ஃபோரியசும் வெஸ்டர்கிரனும் 1918 முதல் 1921 வரையான காலத்தில் இதனை வளர்த்தனர். உடலில் எங்கோ அழல் இருப்பதை இது சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது. சி.ஆர்.பி.யும் அத்தகையதே. 1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் டில்லட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் இரத்தத்தில் இதனைக் கண்டனர். பெயரிலுள்ள 'சி' என்ற எழுத்து நிமோனியாக் கிருமியின் ஒரு கூற்றைக் குறிப்பது. மூட்டுக்கும் அதற்கும் உறவில்லை.

ஆர்.ஏ. ஃபேக்டரை 1940இல் நார்வே நாட்டு வாலரும், 1948இல் அமெரிக்காவின் ரோசும் தனித்தனியே கண்டறிந்தனர். இது உடலின் எதிர்ப்புப் பொருளையே எதிர்க்கும் மற்றோர் எதிர்ப்புப் பொருள். இங்கேதான் சொல் நம்மை ஏமாற்றுகின்றது. பெயரில் நோயின் பெயர் இருப்பதால், 'பாசிட்டிவ்' என்றால் நோய் உறுதி என்றும், 'நெகட்டிவ்' என்றால் நோய் இல்லை என்றும் மக்கள் கொள்கின்றனர். இரண்டும் பிழை. காசநோயிலும், சில கல்லீரல் நோய்களிலும், நோயற்ற முதியோரிடத்தும் இது காணப்படும்; உண்மையாகவே நோயுற்ற பலரிடத்தே இது காணப்படாமலும் போகும்.

நான்காவது பெயரான ஆன்ட்டி சி.சி.பி., சிட்ருலின் என்னும் பொருள் கொண்ட புரதக் கூறுகளை உடலே எதிர்ப்பதைக் காட்டுவது. சிட்ருலினைக் குறிவைக்கும் எதிர்ப்புப் பொருள்களை 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர் இனங்காட்டிய பின் இப்பரிசோதனை உருவாயிற்று. முந்தையதைவிட நம்பத்தக்கது. சிட்ருலின் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது தர்ப்பூசணிப் பழத்திலிருந்து. அப்பழத்தின் இலத்தீன் பெயரே அதற்கும் ஆயிற்று. மருத்துவச் சீட்டில் ஒரு தர்ப்பூசணி ஒளிந்திருப்பதைக் கேட்டுத்தான் என் தமக்கையார் அவ்வாரங்களில் முதன்முறை சிரித்தார்.

காத்திருத்தலின் காரணம்

எந்த ஒரு பரிசோதனையும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. அமெரிக்க, ஐரோப்பிய மூட்டு மருத்துவச் சங்கங்கள் 2010இல் இணைந்து வகுத்த அளவைகள், நோயுற்ற மூட்டுகளின் எண்ணிக்கை, எதிர்ப்புப் பொருள்கள், அழற்சி அளவு, நோய் நீடித்த காலம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருகின்றன. பத்தில் ஆறு பெறின் இந்நோயென வகைப்படுத்துவர். காலத்தைக் கணக்கிடும்போது ஆறு வாரங்களை எல்லையாகக் கொள்வர். கிருமிகளால் வரும் மூட்டு வீக்கங்கள் பல அதற்குள் தாமே தணிந்துவிடும் என்பதே காரணம். சில தணிவதில்லை. 2006இல் தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியா பலரை மாதக்கணக்கில் வாட்டியதை நாம் அறிவோம். அப்பெயர் ஆப்பிரிக்க மக்கோண்டே மக்களின் மொழியில், வலியால் உடல் வளைவதைக் குறிக்கும் சொல். ஆகவே மருத்துவர் காத்திருக்கச் சொல்வதை அலட்சியம் எனக் கொள்ளலாகாது. காலமும் ஒரு பரிசோதனையே.

நம் சொல்லாக்கமும் நம் கடமையும்

மேலை மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. வழக்கிலிருந்த சொல்லையும் வடசொல்லையும் பிறமொழி ஒலியையும் தேவைக்கேற்ப அவர் எடுத்தாண்டார் என்பதை அத்தலைப்புகளே காட்டும்.

அவ்வழியில் வந்த நாம், கேரட்டின் 'போன்றது' என்னும் பெயருக்கு ஈடாக 'முடக்கு வாதம்' என்பதை வழங்கி வருகின்றோம். கேரட்டின் பெயர் ஐயத்தைச் சொல்ல, நம் பெயர் முடிவைச் சொல்லிவிடுகின்றது. மருந்தில்லாக் காலத்தில் அது உண்மையான வருணனையே. ஆனால் 1948இல் கார்ட்டிசோனும், 1980களில் வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட்டும் இந்நோய்க்கு வழங்கப்பட்டன. அவற்றின் பின் வேறு மருந்துகளும் வந்தன. தொடக்கத்திலேயே சிகிச்சை பெறுவோரில் பலர் இன்று முடங்குவதில்லை. மேலும், பக்கவாதம், இளம்பிள்ளை வாதம் என்பவற்றோடு ஒரே ஈறு பெற்றிருப்பதால், இதுவும் கைகால் விழும் நோயென மக்கள் மயங்குகின்றனர்.

'அழற்சி மூட்டு நோய்' என்றோ 'மூட்டழற்சி' என்றோ முதலில் சொல்வது தகும் என்பது என் கருத்து. அதில் அழல் இருக்கின்றது. அழலை அணைக்கலாம் என்னும் குறிப்பும் இருக்கின்றது. இதனினும் சிறந்த சொல் நம் வட்டத்துக் கவிஞர் எவருக்கேனும் தோன்றுமாயின், அடுத்த கூட்டத்தில் அதனை ஆய்வுக்கு வைக்க வேண்டுகிறேன். மருத்துவர் சிலரையும் அக்கூட்டத்திற்கு அழைப்போம்.