கூண்டு எத்தனாம் நம்பர்?

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் அக்கரைப்பேட்டையில் விடியுமுன் எழும் முதல் கேள்வி இதுதான். அப்பா கட்டுமரம் தள்ளுவதற்குள் நான் ஆற்றங்கரைக்கு ஓடி, எதிரே நாகப்பட்டினம் துறைமுகக் கம்பத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்து வந்து சொல்ல வேண்டும். பகலில் கூம்பும் உருளையும் தொங்கும். இருட்டில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். எந்த நிறம் மேலே, எது கீழே என்று தப்பாமல் ஒப்பிக்க வேண்டும்.

கரை விளக்கைக் கடலில் இருப்பவர்கள் எண்ணுவது சோழநாட்டில் பழைய வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்து மாட விளக்குகளைத் திமில் பரதவர் எண்ணியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் நாகூர் தர்காவில் எழுப்பிய 131 அடி மினாராவை வைத்து எங்களவர்கள் திசை பிடித்தார்கள். இவையெல்லாம் கரை எங்கே என்று காட்டும். ‘இன்று போகாதே’ என்று சொல்ல வந்தது கூண்டுதான்.

1864இல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. அடுத்த ஆண்டே அங்கே துறைமுக எச்சரிக்கை தொடங்கி, பிறகு மற்றத் துறைமுகங்களுக்கும் வந்தது. கப்பல்களுக்காகச் செய்த ஏற்பாடு. அதைக் கட்டுமரக்காரர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5க்கு மேல்தான் நுணுக்கம். 5ஆம் எண், புயல் நமக்கு வடக்கே கரை கடக்கும் என்கிறது; காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். 6 என்றால் தெற்கே கடக்கும். காற்று கடலையே ஊருக்குள் தள்ளிவரும். கடும்புயலில் இதே வேறுபாடு 8க்கும் 9க்கும். 1977 நவம்பர் 12இல் புயல் நாகைக்குச் சற்றுத் தெற்கேதான் கரையேறியது. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் படகை எவ்வளவு தூரம் மேட்டில் ஏற்றுவது என்பதையும் அதை வைத்தே முடிவு செய்தார்கள்.

11ஆம் எண் தனி. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்தது, ஆபத்து உண்டு என்று துறைமுக அதிகாரி தானே கணித்து ஏற்றுவது. என் மதிப்பில் பதினொன்றில் மிகப் பொறுப்பானது அதுதான்.

2004 டிசம்பர் 26க்கு எந்த எண்ணும் கிடையாது. கூண்டு காற்றுக்கானது, அன்று வந்தது நிலநடுக்கத்தின் நீர். ஆழக்கடலில் இருந்த படகுகளுக்கு அலை வந்ததே தெரியவில்லை. கரையில் வலை பிரித்தவர்களும், மீன் எடுக்கக் கூடையோடு நின்ற பெண்களும், குழந்தைகளும்தான் போனார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில்தான் வந்தது.