ழான்-லுக் லகார்ஸ்

ழான்-லுக் லகார்ஸ் (பெப்ரவரி 14, 1957 - செப்டம்பர் 30, 1995) பிரான்சு நாட்டைச் சேர்ந்த நாடக இயக்குநரும் நாடகாசிரியரும் ஆவார். வாழ்நாளில் இயக்குநராகவே பெரிதும் அறியப்பட்டிருந்தார். அவருடைய சொந்த நாடகங்கள் பரவலாக மேடையேறத் தொடங்கியது அவரது இறப்புக்குப் பின்னரேயாகும்.

வாழ்க்கையும் இயக்கமும்

கிழக்குப் பிரான்சிலுள்ள ஏரிகூர் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் பியூஜோ தொழிற்சாலையில் பணியாற்றியவர்கள். பெசான்சோன் நகரில் மெய்யியலும் நடிப்பும் பயின்ற காலத்தில், உடன் பயின்ற நண்பர்களுடன் சேர்ந்து 'ரூலோத்' நாடகக் குழுவை நிறுவினார். ரூலோத் என்பது நாடோடிகள் குடியிருக்கும் வண்டியைக் குறிக்கும் சொல். 1981இல் இது தொழில்முறைக் குழுவானது.

அயனெஸ்கோவின் 'வழுக்கைத் தலைப் பாடகி' (1991), மொலியேரின் 'கற்பனை நோயாளி' (1993) ஆகியன இவர் இயக்கியவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இரண்டாவது நாடகத்தை இயக்கியபோது லகார்ஸ் உண்மையிலேயே நோயாளியாக இருந்தார். தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1988இல் அறிந்திருந்தார்.

'உலகின் முடிவு, அவ்வளவே'

இவருடைய நாடகங்களுள் புகழ்பெற்ற இதனை 1990இல் பெர்லினில் தங்கியிருந்தபோது எழுதினார். 34 வயதான லூயி, தான் விரைவில் இறக்கப்போவதைத் தெரிவிப்பதற்காகப் பல ஆண்டுகளுக்குப் பின் தன் குடும்பத்தாரிடம் வருகிறான். தாய், தங்கை, தம்பி, தம்பி மனைவி ஆகியோரின் மனக்குறைகளைக் கேட்கிறான். வந்த செய்தியைச் சொல்லாமலேயே திரும்பிச் செல்கிறான்.

கதையைவிட மொழியே இந்நாடகத்தின் சிறப்பு. பாத்திரங்கள் ஒரு சொல்லைச் சொல்லி, அது போதாதென்று திருத்தி, மீண்டும் வேறு காலத்தில் அதே வினையைச் சொல்லிப் பார்க்கின்றனர். இவ்வளவு பேசியும் சொல்லவேண்டியது சொல்லப்படாமலே நின்றுவிடுகிறது. இதனை ஆசிரியரின் தன்வரலாறாக மட்டும் படிப்பது பொருத்தமன்று. நோயின் பெயர் நாடகத்தில் எங்குமே இடம்பெறவில்லை.

அப்போது இதனை மேடையேற்ற எவரும் முன்வரவில்லை. மனம் தளர்ந்த லகார்ஸ் சிறிது காலம் நாடகம் எழுதுவதையே நிறுத்தினார். பின்னர் இதே கதையை விரித்து, 'தொலைதூர நாடு' என்ற தம் இறுதி நாடகமாக 1995இல் எழுதி முடித்தார். அதே ஆண்டில், வேடெகிண்டின் 'லூலு' நாடகத்துக்கான ஒத்திகைக் காலத்தில் பாரிசில் காலமானார்.

இறப்புக்குப் பின்

1992இல் பிரான்சுவா பெரேருடன் இணைந்து லகார்ஸ் தொடங்கிய பதிப்பகம் அவருடைய நாடகங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. 1977 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளும் நூலாயின. நிராகரிக்கப்பட்ட அந்நாடகம் 1999இல் ழோயல் ழுவானோவின் இயக்கத்தில் மேடையேறியது. 2008இல் பிரான்சின் பழம்பெரும் நாடக அரங்கான கொமெதி-பிரான்சேசிலும் நடிக்கப்பட்டது. கனடிய இயக்குநர் சேவியர் டோலன் இதைத் தழுவி எடுத்த திரைப்படம் 2016இல் கேன்சு திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருதைப் பெற்றது. 2020களில் பிரெஞ்சு மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்கும் இது பாடநூலானது.