திரும்பி வர யார் காசு?

கண்டிச் சீமைக்குப் போன கதையைக் கேட்காத சேரி எங்கள் பக்கத்தில் கிடையாது. மீமிசலுக்கு வடக்கே அம்மாபட்டினம், தெற்கே தொண்டி. ரெண்டுமே 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய துறைகள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்ட, பறையரும் பள்ளரும் சக்கிலியரும் தோணி ஏறினார்கள். போனது எப்படி என்று எழுதியவர்கள் உண்டு. வேலை வேண்டாமென்று திரும்பினால் வழிச்செலவு யாருடையது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

தோணிக்கூலியும் வழிச்சோறும் கங்காணி முன்பணமாகக் கொடுப்பான். அது கடன் கணக்கில் ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன ஆளின் கடனைக் கட்டினால் விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டு அது. ஆளை விலை பேசுகிற சீட்டு என்றே சொல்லலாம். முன்கூட்டிச் சொல்லாமல் கிளம்பினால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெயில். கடனே தீராதவன் கையில் ஊர் திரும்பக் காசு ஏது? துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

1922இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் உடம்பு முடியவில்லை, வேலை ஒத்துவரவில்லை, முதலாளி அநியாயம் செய்கிறான் என்று இந்திய அரசின் ஏஜெண்டிடம் நிரூபித்தால் இலவசமாக ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று அதன் கீழ் விதி செய்தார்கள். கண்டியில் உட்கார்ந்திருந்த ஏஜெண்டிடம் மலைத் தோட்டத்துக் கூலிக்காரி எப்படிப் போய் நிரூபிப்பாள்?

மலாயாவில் 1930இல் ரப்பர் விலை விழுந்தது. உடனே ஆயிரம் ஆயிரமாக நம் சனங்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த குடியேற்ற நிதி அதற்குச் செலவானது. விலை தேறியதும் 1934இல் மறுபடி ஆள் எடுத்தார்கள். அவர்களுக்கு நாம் வேண்டாமென்றால் கப்பல் இலவசம். நமக்கு அவர்கள் வேண்டாமென்றால் காரணம் காட்டு, சாட்சி கொண்டு வா.

இன்றைக்கு வளைகுடாவிலும் இதே கணக்குதான். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வேலை முடிந்தால் திரும்பும் டிக்கெட் முதலாளி பொறுப்பு என்கிறது. தக்க காரணமில்லாமல் தானாகத் திரும்ப நினைத்தால் தொழிலாளியே கட்ட வேண்டும். "ஆறு மாசம் சம்பளம் தரலண்ணே. ஊருக்குப் போறேன்னா, டிக்கெட்டுக்கு நீயே காசு கொண்டான்னு கபில் சொல்றான்" என்றான் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன். சம்பளம் தராதது தக்க காரணம்தான். அரபு தெரியாத, பாஸ்போர்ட்டும் கையில் இல்லாத பையன் அதை யாரிடம் போய்ச் சொல்லுவான்?

நம் நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற ஏஜெண்ட் அரசிடம் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்கிறது. ஆட்களைத் திருப்பி அழைத்துவரும் செலவுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். ஆனால் சேரிக்கு வருகிறவன் பதிவில்லாத சப்-ஏஜெண்ட். அவன் அனுப்பினால் எந்தப் பிணையும் இல்லை. வட்டிக்கு வாங்கிக் கொடுத்த பணம் மட்டும் அவன் பையில்.

2009இல் தொடங்கிய இந்திய சமுதாய நல நிதி தூதரகங்களில் இருக்கிறது. தவித்து நிற்பவர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துத் தர அதில் வழி உண்டு. அது பிச்சையல்ல, கேட்டு வாங்க வேண்டியது.

எத்தனை சம்பளம் என்று கேட்கிற நாம், திரும்பி வரும் டிக்கெட் யார் பொறுப்பு என்று கேட்பதில்லை. கிளம்புமுன் ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒப்பந்த நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வர வழியில்லாத வேலைக்கு நம் பாட்டன்மார் காலத்தில் கூலி என்று பெயர் வைத்தார்கள். அது கூலி அல்ல, அடிமைத்தனம்.