கடிகாரமும் கள்ளப் பெயரும்

நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கடிகாரம் ஒன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறவர், நேரம் பார்ப்பதற்காக அதை வாங்குவதில்லை. நேரத்தை இன்று மிக மலிவான கருவியும் அதனினும் திருத்தமாகக் காட்டிவிடும். அவர் விலை கொடுப்பது முகப்பில் எழுதியிருக்கும் ஒரு பெயருக்கு. அப்பெயருடையவரின் கைத்திறன் உள்ளே இருக்கிறது என்னும் நம்பிக்கைக்கு. ஆனால் கடிகாரத்தின் உறுப்புகளை எல்லாம் செய்வதினும் எளியது அந்தப் பெயரைப் பொறிப்பதுதான். பல்சக்கரம் வெட்டப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். பெயர் வெட்ட ஓர் உளியும் ஒரு பிற்பகலும் போதும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன நகரம் லண்டன். அங்கே தாமஸ் டாம்பியன் (1639–1713) என்பவர் தலைசிறந்து விளங்கினார். அவர் பெயர் பொறித்த போலிக் கடிகாரம் ஒன்றை ஒருவர் பழுது பார்க்கக் கொண்டுவந்தாராம். டாம்பியன் அதைச் சுத்தியலால் உடைத்துவிட்டுத் தாம் செய்த ஒன்றை அவர் கையில் கொடுத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், கேடு உண்மையானதே. வெற்றுக் கூடுகளும் முகப்புத் தகடுகளும் இங்கிலாந்திலிருந்து வெளிநாடு சென்று, அங்கே மட்டமான இயந்திரம் பொருத்தப்பட்டு, லண்டன் தொழிலாளர் பெயரால் விற்கப்பட்டன. ஆகவே 1698-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. கடிகாரம் செய்பவர் தம் பெயரையும் ஊரையும் அதில் பொறிக்க வேண்டும் என்பது அதன் விதி. நாணயமானவர் அதற்குக் கீழ்ப்படிந்தனர். கடலுக்கு அப்பால் இருந்தவரை அது என்ன செய்யும்?

பதினெட்டாம் நூற்றாண்டில் 'லண்டன்' என்ற சொல்லைத் தாங்கிய கடிகாரங்கள் ஐரோப்பியச் சந்தைகளில் மலிந்தன. 'டச்சுப் போலிகள்' என்று இவற்றை அழைப்பர். அப்பெயர் முற்றும் பொருந்தாது. இவற்றுட் பல ஜெனீவா முதலிய இடங்களில் உருவாகி, டச்சு வணிகர் வழியே பரவியவை என்று கருதுகின்றனர். வில்ட்டர், டார்ட்ஸ், சாம்சன் என்பன இவற்றில் காணப்படும் பெயர்கள். சில வெறும் கற்பனை என்றே எண்ணப்படுகின்றன. ஆயினும் பின்மூடியைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உள்ளே அசையும் தராசுச் சக்கரத்தைக் காக்கும் சித்திர வேலைத் தகடு, லண்டன் கடிகாரத்தில் ஒரே காலில் நிற்கும். போலியிலோ பாலம்போல இரு பக்கமும் திருகாணியால் பிணைந்திருக்கும். முகப்பில் நிமிடக் கோடுகள் டச்சு வழக்கப்படி வளைவு வளைவாக ஓடும். பெயரைப் பொய்யாக எழுதிய கை, தான் பழகிய முறையை மாற்றிக்கொள்ளவில்லை! கைப்பழக்கம் அவ்வளவு எளிதில் விடுவதன்று.

அடுத்து நாம் காண வேண்டியவர் ஆபிரகாம் லூயி பிரெகே (1747–1823). சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் நகரில் பிறந்து, 1775-இல் பாரிஸில் 'கடிகாரக் கரை' என்னும் ஆற்றங்கரைத் தெருவில் தொழில் தொடங்கினார். (தெருவின் பெயர் இவரால் வந்ததன்று, அருகிலுள்ள பழைய அரண்மனைக் கோபுரக் கடிகாரத்தால் வந்தது.) புகழ் வளர வளர, அவர் பெயரால் போலிகளும் பெருகின. 1795-ஐ ஒட்டி அவர் ஓர் உபாயம் செய்தார். முகப்பின் வெண்ணிற எனாமலில், 12 என்னும் எண்ணுக்கு அருகே, மிக நுண்ணிய கோடுகளால் தம் கையொப்பத்தைக் கீறினார். நேரே நோக்கினால் அது தெரியாது. ஒளி சாய்ந்து விழும்படி திருப்பினால் மட்டுமே கண்ணிற்படும். பெரிய எழுத்தைச் சிறிதாக்கி வரையும் கருவி ஒன்றால் இது செய்யப்பட்டது.

மிக அழகிய உபாயம் என்பதில் ஐயமில்லை. எனினும், மறைபொருள் ஊரறிந்தபின் அதையும் ஒருவன் பார்த்து எழுத முயல்வான் அன்றோ? என் கருத்தில், பிரெகே விட்டுச்சென்ற பெரிய காவல் அவருடைய கணக்கேடுகளே. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் எண் இட்டு, இன்னது, இன்னாருக்கு, இன்ன விலைக்கு விற்றது என்று அவர் நிலையத்தார் எழுதிவைத்தனர். அந்த ஏடுகள் இன்றும் உள்ளன. எண் ஒத்திருந்தால் மட்டும் போதாது. கூட்டின் உலோகம், இயந்திரத்தின் வகை யாவும் ஏட்டின் குறிப்போடு பொருந்த வேண்டும். பல பழைய பொற்கூடுகள் பொன்னுக்காக உருக்கப்பட்டு, இயந்திரம் வேறு கூட்டில் குடியேறியதும் உண்டு. அத்தகைய கடிகாரம் முழுப்போலியும் அன்று. முழு உண்மையும் அன்று.

இவ்வகைக் கலப்பின் எல்லையை அண்மையில் உலகம் கண்டது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில், 1957-இல் முதன்முதல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வகைக் கைக்கடிகாரம் ஒன்று முப்பது லட்சம் சுவிஸ் பிராங்குக்கும் மேல் விலைபோயிற்று. கறுப்பு முகப்பு காலத்தால் பழுப்பாக மாறியிருந்தமை அதன் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. 2023-இல் உண்மை வெளிவந்தது. அது வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகளைக் கொண்டு கூட்டியமைத்தது. உறுப்புகளிற் பெரும்பாலானவை மெய்யான ஒமேகாவே. தன் முன்னாள் ஊழியர் சிலர்க்கு இதில் பங்குண்டு என்று அந்நிறுவனமே அறிவித்தது. ஏலத்தில் அதை எடுத்தவரும் வேறு யாருமல்லர். தன் பொருட்காட்சிச் சாலைக்காக ஒமேகா நிறுவனமே அவ்வளவு பணம் கொடுத்து அதை வாங்கியிருந்தது.