ஏழு குழி அச்சு

மலேசியாவின் சிரம்பானில் என் வீட்டுச் சமையற்கட்டில், மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு பித்தளை அச்சு இருக்கிறது. வட்டமான தட்டு. நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு. ஒவ்வொரு குழியிலும் அரைநெல்லிக்காயின் வரிகள். மலாய்க்காரர்கள் இந்த வடிவத்தைச் ‘செர்மாய்’ என்பார்கள். அவர்கள் மொழியில் அரைநெல்லிக்கு அதுதான் பெயர். தணல் கிடந்து கிடந்து மூடி கறுத்துப்போயிருக்கிறது. அதைப் புளி போட்டுத் தேய்க்க அம்மா யாரையும் விட்டதில்லை. கறுப்பு இருந்தால்தான் சூடு நிற்கும் என்பார்.

இதில் சுடுவது பஹுலு. முட்டை, சீனி, கோதுமை மாவு, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, சோடா மாவு கிடையாது. முட்டையை அடித்து ஏற்றிய காற்றில்தான் அது உப்ப வேண்டும்.

பெயர் கடல் தாண்டி வந்தது. போர்த்துகீசியர் கேக்கை ‘போலோ’ என்பார்கள். 1511-இல் மலாக்காவைப் பிடித்து, 1641-இல் டச்சுக்காரரிடம் இழக்கும் வரை 130 ஆண்டுகள் அங்கே இருந்தார்கள். தமிழில் மேசை, சன்னல், அலமாரி என்று விட்டுப்போனவர்கள், மலாயில் மேஜா, ஜெண்டேலா, அல்மாரி என்று விட்டுப்போனார்கள். கூடவே போலோவையும். ஓவன் இல்லாத கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளில் அது பித்தளை அச்சுக்குள் புகுந்தது. அச்சுக்குக் கீழே தணல், மூடிக்கு மேலேயும் தணல்.

பித்தளை வார்ப்புக்குப் பேர்போன இடம் கிழக்குக் கரையில் திரங்கானு. மெழுகில் உருச் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் சாமி சிலை வார்ப்பதும் இப்படித்தான். எங்கள் அச்சும் அந்தக் கரையில் பிறந்ததுதான் என்று, அதை அம்மாவுக்குக் கொடுத்தவர் சொன்னாராம்.

கொடுத்தவர் கோலா கிளாவாங்கின் ஒரு கம்பத்துப் பெண்மணி. சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். புக்கிட் தங்காவில் வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் வரும் ஜெலுபு மாவட்டத்தின் ஊர் அது. தங்கா என்றால் ஏணி. பஸ்ஸில் வாந்தி எடுத்த எங்களுக்கு அந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த அம்மாள் அந்தப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களுக்கு முட்டையும் கீரையும் கொண்டுவருவார். அம்மா அவரை ‘காக்’ என்று அழைப்பார், அக்கா என்ற பொருளில்.

எங்கள் மாநிலமான நெகிரி செம்பிலானின் மலாய்க்காரர்களிடம் அடாட் பெர்பாத்தே என்ற வழமை உண்டு. குலத்து நிலமும் வீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். இந்த வழமைகளுக்கென்றே கோலா கிளாவாங்கில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அச்சும் அந்த வழியில் போயிருக்க வேண்டியது. ஆனால் காக்கின் மகள்கள் கோலாலம்பூரில் மின்சார ஓவன் வாங்கிவிட்டார்கள். எழுபதுகளில் ஒரு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அச்சு எங்கள் லயத்துக்கு வந்தது. மலாயில் அதன் பெயர் ‘ஆச்சுவான்’. அம்மாவுக்கு அந்தச் சொல் புதிதாகவே படவில்லை.

அம்மா விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்து, பிறகு மரத்தில் பால் வெட்டி, மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவார். தீபாவளிக்கு முந்தின வாரம், அதற்குமேல்தான் அடுப்படியில் உட்காருவார். முறுக்கும் அதிரசமும் முடிந்த பிறகு பஹுலு. மாவை வெறும் சட்டியில் வறுத்துச் சலித்து வைப்பார். முட்டையையும் சீனியையும் ஸ்பிரிங் மத்தால் அடிப்பது என் வேலை. தூக்கி விட்டால் கலவை நாடாவாக விழுந்து, விழுந்த கோடு அழியாமல் நிற்க வேண்டும். அதுவரை கை ஓயக்கூடாது. காய்ந்த குழியில் எண்ணெய் தடவி ஊற்றினால் ‘சுர்’ என்று ஒரு சத்தம். வெந்ததை ஈர்க்குச்சியால் குத்தி எடுப்பார். முதல் தட்டு காக் வீட்டுக்கு. பன்றிக்கொழுப்பும் இல்லை, மாட்டிறைச்சியும் இல்லை. எங்கள் பண்டிகைக்கும் அவர்கள் பண்டிகைக்கும் பொதுவான பலகாரம்.

பிறகு பால்மரங்கள் விழுந்தன, செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. அச்சு ஒரு பழைய கைலியில் சுற்றப்பட்டு புக்கிட் தங்காவில் ஏறி இறங்கி சிரம்பானுக்கு வந்தது.

அம்மா இறந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. மறுவருஷம், பண்டிகைக்கு முதல்நாள் படையலுக்குப் பஹுலு சுட நினைத்தேன். அம்மா எதையும் எழுதி வைக்கவில்லை. ‘பத்து முட்டை’ என்று மட்டும் எனக்கு நினைவிருந்தது. சீனியையும் மாவையும் பழைய கண்ணளவில் போட்டேன். ஏழு குழியிலும் உப்பி, எடுத்ததும் அமுங்கி, ரப்பராக இழுத்தது. மூன்று தடவை இப்படியே ஆனது.

குப்பையில் கிடந்த முட்டை ஓடுகளைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. நான் உடைத்தவை சூப்பர்மார்க்கெட்டின் பெரிய ‘ஏ’ கிரேட் முட்டைகள். அம்மா உடைத்தவை காக்கின் கம்பத்துக் கோழி இட்டவை, சின்னச் சின்னதாக. அம்மா முட்டையை எண்ணவே இல்லை, எண்ணியது நான்தான். மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றை, பால் படாத புதிதாக, அளவுக்கென்று அவர் வைத்திருந்தார். அதில் ஒரு மங்கு முட்டை, ஒரு மங்கு சீனி, ஒரு மங்கு மாவு. காக் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரே சொல்தான், ‘சாமா’. சமம் என்று அம்மா அதைக் கேட்டுக்கொண்டார்.

அந்த மங்கு எந்த வீடு மாற்றத்தில் தொலைந்ததோ. என் மகளிடம் ஒரு கிண்ணம் எடுத்துவரச் சொன்னேன்.

“எதுப்பா? பெருசா, சின்னதா?”

“எதுவா இருந்தாலும் சரி. மூணுக்கும் அதே கிண்ணம்.”

மைலோ டின்னோடு இலவசமாக வந்த பச்சைக் குவளையை எடுத்துவந்தாள். நான் முட்டையை உடைத்து அதில் ஊற்றத் தொடங்கினேன்.