மிளகின் பெயரைப் பெற்ற காய்

தமிழர் சமையலில் உறைப்பு என்றால் இன்று மிளகாயே முதலில் நினைக்கப்படுகிறது என்றாலும், அச்செடி இம்மண்ணுக்கு வந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாகத் தமிழரின் உணவுக்குக் காரம் தந்தவை மேற்குத் தொடர்ச்சி மலையில் கொடியாகப் படரும் மிளகும், அதற்குத் துணையாக நின்ற திப்பிலி, இஞ்சி, கடுகு ஆகியவையுமே. சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் ‘கறி’ என்னும் பெயர் பரவலாக வழங்குகிறது. யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து கறியோடு திரும்பிய செய்தியை அகநானூறும், கரிய மிளகு மூட்டைகள் காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலையும் கூறுகின்றன. இவை வணிகச் செய்திகள் என்பதால் வரலாற்று நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. சமையல் வரலாற்றுக்கோ பெரும்பாணாற்றுப்படை தரும் சிறு குறிப்பே கூடுதல் பயனுடையது. அந்தணர் இல்லத்தில் பாணர் பெறும் உணவைச் சொல்லுமிடத்தில், மாதுளம் பிஞ்சின் துண்டுகளை வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்த பொரியலும், மாவடு ஊறுகாயும் அதில் இடம்பெறுகின்றன. மாதுளையை நீக்கிவிட்டு வாழைக்காயை இட்டால், இன்றைய வீட்டுப் பொரியலுக்கும் அதற்கும் அதிகத் தொலைவில்லை.

கறி என்னும் சொல் பின்னர் மிளகை விட்டு விலகி, மிளகு முதலியன கூட்டிச் சமைத்த பண்டத்தையும், அப்பண்டத்துக்குரிய காயையும், பேச்சு வழக்கில் இறைச்சியையும் குறிக்கலாயிற்று. கடித்துத் தின்னுதலைக் குறிக்கும் ‘கறித்தல்’ என்னும் வினையோடு அதைத் தொடர்புபடுத்துவோரும் உண்டு. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், இறைவனுக்குப் படைக்கும் உணவுப் பொருள்கள் ‘அமுது’ என்னும் ஒட்டுடன் கறியமுது, நெய்யமுது, தயிரமுது என எழுதப்படும்போது, மிளகு தனியே மிளகமுது எனப் பெயர் பெற்று, ஆழாக்கு, உழக்கு முதலிய முகத்தலளவைகளால் கணக்கிடப்படுகிறது. உப்பு, புளி, கடுகு, சீரகம் ஆகியவை அறியப்பட்டிருந்த அந்த மடைப்பள்ளிகளில் மிளகாய் இருந்திருக்க வழியே இல்லை.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவில் அது பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிடப்பட்டு வந்தது. மிளகைத் தேடிப் புறப்பட்டு மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், அங்குள்ள மக்கள் ‘அஹி’ என்றழைத்த காயை அவர்களுடைய மிளகு என்றே 1493 ஜனவரியில் தம் குறிப்பேட்டில் எழுதினார். ஸ்பானிய மொழியில் மிளகு ‘பிமியெந்தா’, மிளகாய் ‘பிமியெந்தோ’, ஈற்றெழுத்து மட்டுமே வேறு. 1498இல் கோழிக்கோட்டை அடைந்து, 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியாக இச்செடி இந்தியக் கடற்கரைக்கு வந்தது என்பது அறிஞர்களின் பொதுவான முடிபு. அதன் பிறப்பிடம் ஐரோப்பாவிலேயே விரைவில் குழம்பிப்போயிற்று: ஜெர்மானியத் தாவரவியலாளர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் 1542இல் வெளியிட்ட நூலில், மிளகாய்க்குக் ‘கோழிக்கோட்டு மிளகு’ என்று பெயரிட்டிருக்கிறார்.

இங்கு நிகழ்ந்த பெயர்மாற்றம் இன்னும் நுட்பமானது. மிளகைப் போல உறைக்கும் காய் என்னும் பொருளில் மிளகு, காய் ஆகிய இரு சொற்களும் இணைந்து ‘மிளகாய்’ ஆயின. கன்னடத்திலும் தெலுங்கிலும் இவ்வாறே மிளகின் பெயரோடு காய் சேர்ந்தது. மலையாளத்திலோ வந்தேறியே வீட்டுக்காரனாகிவிட்டது: அங்கு ‘முளகு’ என்றால் இன்று மிளகாய், உண்மையான மிளகு குருமுளகு என்றும் நல்லமுளகு என்றும் அடைமொழி சேர்த்துக்கொண்டே தன்னை அடையாளங்காட்ட வேண்டியுள்ளது. கன்னியாகுமரிப் பகுதித் தமிழில் வழங்கும் ‘நல்லமிளகு’ம் இவ்வகையினதே. சிங்களத்தில் ‘மிரிஸ்’ மிளகாயையும், ஊர் என்னும் பொருள்படும் முன்னொட்டோடு கூடிய ‘கம்மிரிஸ்’ மிளகையும் குறிக்கின்றன. பிற்காலத்தில் ஐரோப்பியர் வழி வந்த பொருள்களுக்குத் தமிழர் சீமைச்சுண்ணாம்பு, சீமைக்கத்தரிக்காய் என்று ‘சீமை’ அடை கொடுத்து அயன்மையைக் குறித்துவைத்தனர். மிளகாய்க்கு அந்த அடை ஒட்டவே இல்லை. காரச்சுவை நாவுக்கு முன்பே பழகியிருந்ததால், ஏற்கெனவே இட்டிருந்த ஓர் இருக்கையில் அமர்வதுபோல மிளகாய் வந்து அமர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மிளகாயே தமிழருக்குக் காரத்தைக் கற்பித்தது என்னும் கருத்து தலைகீழானது.

மிளகின் இடத்தை மிளகாய் எளிதாகப் பிடித்ததற்குச் சுவையைவிட வேளாண்மையே முதற்காரணம். மிளகுக்கொடிக்கு மலைச்சாரலின் மழையும் நிழலும், பற்றிப் படர மரமும் வேண்டும். நட்டபின் காய்ப்புக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டும். சமவெளித் தமிழருக்கு அது எக்காலத்தும் விலை கொடுத்து வாங்கும் சரக்காகவே இருந்தது. போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதற்காகப் போட்டியிட்டனர். 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கினார். மிளகாயோ விதைத்த சில மாதங்களில் காய்த்து, வீட்டுக் கொல்லையிலும் வானம் பார்த்த கரிசலிலும் விளைந்து, பச்சையாகவும் வற்றலாகவும் உதவி, அடுத்த பருவத்துக்கான விதையையும் தானே தந்தது.

அடுப்படியிலும் இரண்டின் இயல்பு வேறு. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் 1819இல் பிரித்தெடுக்கப்பட்டது. மிளகின் மணத்தைத் தரும் எண்ணெய்ப் பொருள்கள் எளிதில் ஆவியாகிவிடும் என்பதால்தான், ரசத்துக்கு மிளகையும் சீரகத்தையும் அப்போதைக்கப்போது ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு, நுரை கூடியதும் இறக்கிவிடும் வழக்கம் நிலைத்தது. மிளகாயின் கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே காய்ந்த எண்ணெயில் கிள்ளிப்போட்ட இரண்டு வற்றல் ஒரு சட்டிக் குழம்புக்கும் காரத்தைப் பரப்பிவிடுகிறது. மிளகாய் கடித்து எரியும் வாய்க்குத் தண்ணீரைவிட மோர் இதமளிப்பதும், பாற்புரதம் அப்பொருளைப் பற்றிக்கொள்வதாலேயே. வற்றலை வறுக்கையில் நெடி அடங்கச் சிறிது உப்பு சேர்ப்பது பழைய வீட்டு வழக்கம்.

மிளகு ஒதுங்கிய இடங்கள் அதன் பழைய உரிமையைச் சொல்கின்றன. பல குடும்பங்களின் திவசச் சமையலில் மிளகாய்க்கு இன்றும் இடமில்லை. காரம் முழுவதும் மிளகினுடையதே. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் வேகும் இட்லியில் மிளகும் சீரகமும் சுக்குமே சேர்கின்றன. பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சோற்றிலும், சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம் என்னும் மருந்திலும் மிளகு அசையாது நிற்கிறது. சென்னை மாகாண ஆங்கிலேயர் தம் மேசைக்குக் கொண்டுசென்ற ‘மல்லிகட்டானி’ சூப்பும் மிளகுத்தண்ணீரின் திரிபே. அவர்கள் அதில் இறைச்சியைச் சேர்த்துப் பருகியதால், பெயரில்தான் மூலம் தெரிகிறது.

வேளாண்மையில் மிளகாய் பெற்ற இடத்துக்கு யாழ்ப்பாணம் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கு ‘செத்தல்’ எனப்படும் வற்றல் மிளகாயும் வெங்காயமும், 1970களில் இலங்கை அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, கிணற்று நீரால் சிறு துண்டு நிலங்களில் பயிரிட்ட விவசாயிகளுக்கு நல்ல வருவாயைத் தந்தன. 1977க்குப் பின் இறக்குமதி தாராளமாக்கப்பட்டதும் அவ்வருவாய் சரிந்தது. தமிழகத்தில் இராமநாதபுரத்தின் வறண்ட நிலத்தில், நீண்ட சம்பா வகையிலிருந்து மாறுபட்டு உருண்டு திரண்டு காய்க்கும் முண்டு மிளகாய், அவ்வூருக்கே உரிய விளைபொருள் என்று 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.